காற்றாடி ஓடுகிறது, தின்னர் வாடை மாடிக்கு ஏறுகிறது

கேள்வி: ஐயா, பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் இரண்டு மாடி வரிசை வீட்டில் இருக்கிறேன். பகலில் தொழிற்சாலை வேலை. நான்கு வருடமாகத் தைப்பூசத்துக்கு முந்தைய மூன்று மாதங்களில் மச்சானும் நானும் அலுமினியக் காவடிச் சட்டங்கள் செய்து கொடுக்கிறோம். முன்பு சமையலறையாக இருந்த பின்கட்டு அறைதான் பட்டறை. 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். சாயம், தின்னர், மஞ்சள் பசை, சிலிக்கோன் எல்லாம் அங்கேதான். பிரஷ் கழுவுவதையும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு ஒரு லிட்டர் தின்னர் போகும். கடைசிப் பூச்சை மச்சான் ஹார்டனர் கலந்து ஸ்ப்ரே கன்னில் அடிப்பார். பின் லோரோங்கில் (சந்தில்) பக்கத்து வீட்டார் துணி காயப்போடுகிறார்கள் என்பதால் பத்து அங்குல எக்ஸாஸ்ட் காற்றாடியை ஏர் வெல் (வீட்டுக்குள் வானம் பார்த்துத் திறந்திருக்கும் காற்று வழி) பக்கச் சுவரில், கூரைக்குக் கீழே வைத்தேன். வெளிச்சத்துக்காக வேலை மேசை பின் ஜன்னலை ஒட்டி இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்து, வீட்டுக்குள் போகும் கதவைச் சாத்தி அடியில் துணி செருகிவிடுவேன். மழை நாளில் ஜன்னலையும் சாத்த வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் சாயம் வெள்ளை பூத்துவிடுகிறது. இவ்வளவு செய்தும் மாடி அறையில் வாடை. ஏழு வயது மகள் காலையில் தலைவலிக்கிறது என்கிறாள். மச்சானுக்கு ராத்திரியில் இருமல். பன்னிரண்டு அங்குலக் காற்றாடி மாட்டினால் சரியாகுமா?

பதில்: தம்பி, முதலில் மச்சானின் இருமலைப் பேசிவிடுவோம். காற்றாடி அதற்கு அப்புறம்.

இரண்டு டின்னாக வரும் பாலியூரித்தேன் சாயத்தில் சின்ன டின்தான் ஹார்டனர், சாயத்தை இறுக வைப்பது. அதில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஸ்ப்ரே கன்னில் அடிக்கும்போது அது பனி மாதிரி நுண்ணிய துளியாகி நேரே நுரையீரலுக்குப் போகும். சிலருடைய உடம்புக்கு அது ஒவ்வாமல் போய்விடும். ஒரு தடவை அப்படி ஆகிவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு இளைக்கும். வேலை நேரத்தில் ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்து ராத்திரியில் இருமலும் நெஞ்சு இறுக்கமும் வருவது இதில் அடிக்கடி நடப்பது. இந்தத் தொந்தரவு முற்றி, சாய வேலையையே விட்டுவிட்டுப் போன நல்ல கைத்தொழில்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். இத்தகைய சாயங்களில் அதிகமாக இருக்கும் ஹெச்டிஐ என்ற வகைக்கு அமெரிக்காவின் ஏசிஜிஐஎச் என்ற தொழில் சுகாதார அமைப்பு சொல்லும் வேலையிட வரம்பு, நூறு கோடிப் பங்கு காற்றில் வெறும் 5 பங்கு. அந்த அளவில் மூக்குக்கு எதுவுமே தெரியாது. கரி வடிகட்டி உள்ள முகமூடியிலும் வடிகட்டி தீர்ந்துபோனால் வாடை வந்து எச்சரிக்காது. அதனால்தான் முறையான பட்டறைகளில் வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் முகமூடி போட்டு அடிக்கிறார்கள்.

மச்சானின் இருமலுக்குக் காரணம் இதுதான் என்று கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சளியாகவும் இருக்கலாம். ஆனால் அவர் டாக்டரைப் பார்க்கும்போது "ஹார்டனர் கலந்த சாயம் ஸ்ப்ரே அடிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும், டின் லேபிளைப் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். விடுமுறையில் ஊருக்குப் போனால் இருமல் குறைகிறதா, திரும்பி வந்து வேலையைத் தொட்டதும் கூடுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளட்டும். சாயம் வாங்கும் கடையில் அந்தப் பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். இங்கே மலேசியாவில் 2013ஆம் ஆண்டின் விதிமுறைப்படி, ஆபத்தான வேதிப்பொருளை விற்பனைக்குத் தருபவர் லேபிளை மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒட்டவேண்டும், வேலைக்கு வாங்குபவருக்கு அந்தத் தாளையும் கொடுக்கவேண்டும். கேட்கச் சங்கடப்பட வேண்டியதில்லை.

அதுவரைக்கும், ஏன் அதற்குப் பிறகும், ஹார்டனர் கலந்த சாயத்தை வீட்டில் ஸ்ப்ரே அடிக்கவே வேண்டாம். நான் என்னதான் காற்றோட்டம் சொல்லிக் கொடுத்தாலும் அந்த வேலைக்கு அது போதாது. சட்டங்களை மொத்தமாகச் சேர்த்து, ஸ்ப்ரே அறை உள்ள கார் சாயப் பட்டறை ஒன்றில் கொடுத்து அடித்து வாங்குங்கள். இன்னும் நல்ல வழி பவுடர் கோட்டிங். உங்களுடையது அலுமினியச் சட்டம், அதற்கென்றே செய்த மாதிரிப் பொருந்தும். உலர்ந்த பொடியை மின்னூட்டத்தில் ஒட்ட வைத்து, 180, 200 டிகிரி அடுப்பில் உருக்கிப் படிய வைப்பார்கள். தின்னரே கிடையாது. பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும்போது தோளிலும் இடுப்பிலும் உரசி உரசி சாயம் பெயருகிற தொல்லையும் குறையும். செலவு கூடும், உண்மைதான். ஆனால் உங்கள் வேலையில் பாதி நேரம் மிச்சமாவதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

சரி, மீதி வேலைக்கு வருவோம். தின்னரில் டொலுவீன், சைலீன், அசிட்டோன் என்று பல கலந்திருக்கும். கணக்குக்காக எல்லாமே டொலுவீன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டொலுவீன் முழுதும் காய்ந்து போனால் ஏறக்குறைய 230 லிட்டர் ஆவியாகிறது. உங்கள் அறையின் கொள்ளளவு 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். ஜன்னலும் சாத்திய மழை ராத்திரியில் அந்த ஆவி வெளியே போகாமல் தங்கினால், பத்து லட்சம் பங்கு காற்றில் அது 6,700 பங்குக்கு மேல் இருக்கும். 500 பங்கைத் தொட்டாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நயோஷ் வரையறுத்திருக்கிறது. 11,000 பங்கில் ஒரு தீப்பொறி போதும், காற்றே பற்றிக்கொள்ளும். காற்றாடி ஓடுவதால் நீங்கள் அந்த அளவுக்குப் போயிருக்க மாட்டீர்கள். ஆனாலும் ஆவி அறை முழுதும் சீராகப் பரவுவதில்லை. திறந்த டின்னின் வாயிலும், கழுவும் தட்டைச் சுற்றியும், தரையிலும் பல மடங்கு அடர்த்தியாக நிற்கும்.

நாள் முழுதும் வேலை செய்கிறவருக்கு ஏசிஜிஐஎச் சொல்லும் வரம்பு 20 பங்கு. அது திடகாத்திரமான பெரிய ஆளுக்கு, எட்டு மணி நேரத்துக்குச் சொன்ன எண். ஏழு வயதுப் பிள்ளை ராத்திரி முழுதும் படுத்திருக்கும் அறைக்கு அதை வைத்து நாம் நிம்மதி அடைய முடியாது. அந்த 20 பங்குக்குக் கொண்டுவரவே, ஒரு லிட்டரின் ஆவியைக் கரைக்க 11,500 கன மீட்டர் காற்று தேவை. உங்கள் காற்றாடி மணிக்கு 900 கன மீட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம் (பெட்டியில் சிஎம்எச் என்று ஓர் எண் போட்டிருக்கும், அதைப் பாருங்கள்). கிட்டத்தட்ட 13 மணி நேரம் ஓடவேண்டும். 1,200 தள்ளும் பன்னிரண்டு அங்குலம் மாட்டினால் 13 மணி நேரம் ஒன்பதரை ஆகும். அவ்வளவுதான் கிடைக்கும்.

ஏன் இப்படி என்றால், உங்கள் காற்றாடி அறை முழுவதையும் கரைக்கப் பார்க்கிறது. நமக்கு வேண்டியது ஆவி பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடித்துக்கொண்டு போவது. குத்துவிளக்கைக் கொஞ்சம் எட்ட நின்றுகூட ஊதி அணைத்துவிடலாம். அதே தூரத்தில் நின்று காற்றை உள்ளே இழுத்து அணைக்க முடியுமா? முடியாது. ஊதும் காற்று நேர்கோட்டில் போகும், வாயின் அகலத்தைப் போல் முப்பது மடங்கு தூரம் போனாலும் பத்தில் ஒரு பங்கு வேகம் மிச்சம் இருக்கும். இழுக்கும் காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதால் ஒரு வாய் அகலம் தள்ளிப்போனதுமே வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். உங்கள் காற்றாடியின் வாய் பத்து அங்குலம். மேசை அதிலிருந்து பத்தடிக்கு மேல் தள்ளி இருக்கிறது. மேசைமேல் திறந்திருக்கும் டின்னுக்கு அப்படி ஒரு காற்றாடி இருப்பதே தெரியாது.

நாளைக் காலையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். எல்லா டின்னையும் இறுக்கி மூடி வெளியே கொண்டுபோய் வையுங்கள். அறையை நன்றாகத் திறந்து போட்டு, வாடை சுத்தமாகப் போனபிறகு, ஒரே ஒரு ஊதுபத்தி கொளுத்திக் காற்றாடியைப் போடுங்கள். வழக்கம்போல ஜன்னலைப் பார்த்து மேசை முன்னால் நின்று, டின் இருக்கும் இடத்தில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை நேரே உங்கள் நெஞ்சுக்கு வந்து, தாடையில் ஏறி, மூக்கைத் தாண்டிப் பின்னால் போகும். காற்று ஜன்னலில் நுழைகிறது, முதலில் டின், அடுத்தது உங்கள் முகம், அதற்கு அப்புறம்தான் காற்றாடி. நான்கு வருடமாகத் தின்னருக்கும் காற்றாடிக்கும் நடுவில் வடிகட்டி மாதிரி நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

அடுத்து, மனைவியை மாடி அறையின் ஏர் வெல் ஜன்னலோரம் நிற்கச் சொல்லிவிட்டு, ஊதுபத்தியைக் காற்றாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஏர் வெல் பழைய வீட்டுப் புகைபோக்கி மாதிரித்தான் வேலை செய்யும். பகலில் சூடேறிய சுவர் ராத்திரியில் வெப்பத்தை விடும், உள்ளே இருக்கும் காற்று மேலே ஏறும், வழியில் திறந்திருக்கும் எந்த ஜன்னலிலும் புகுந்துவிடும். பக்கத்து வீட்டுத் துணிக்காக நீங்கள் நல்ல மனதோடு எடுத்த முடிவு, வாடையை மகளின் அறைக்கே குழாய் போட்டுக் கொடுத்துவிட்டது. இன்று ராத்திரியிலிருந்தே மகள் முன் அறையில் படுக்கட்டும்.

இனி என்ன செய்வது? ஏர் வெல் காற்றாடியைக் கழற்றி அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள். காற்றின் வழியை அப்படியே திருப்பவேண்டும். முன் வாசலிலும் ஹால் ஜன்னலிலும் நுழையும் நல்ல காற்று, ஹாலைக் கடந்து, உட்கதவு வழியாகப் பட்டறைக்கு வந்து, மேசையைத் தாண்டிப் பின் சுவர் வழியாக வெளியேறவேண்டும். அதற்கு நீங்கள் துணி செருகி அடைத்த அதே கதவை ஒரு சாண் அளவு திறந்து வைக்கவேண்டும். வாடை வீட்டுக்குள் வந்துவிடுமே என்று பயமாக இருக்கும். காற்றாடி பின்பக்கம் இழுக்கும்வரை அந்த இடுக்கில் காற்று உள்நோக்கித்தான் ஓடும். ஊதுபத்தியை இடுக்கில் பிடித்துப் பாருங்கள், தரையருகில், நடுவில், மேலே, மூன்று இடத்திலும் புகை பட்டறைப் பக்கம் சாய்ந்தால் சரி. ஏர் வெல்லைப் பார்த்த ஜன்னல்கள் எல்லாம் மூடியிருக்கவேண்டும். பட்டறையின் பின் ஜன்னலும் பின் கதவும் சாத்தியிருக்கட்டும். திறந்திருந்தால் காற்றாடி பக்கத்திலிருக்கும் ஜன்னல் காற்றையே இழுத்துத் தள்ளிவிட்டுச் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் பின் கதவையோ கிரில்லையோ பூட்டாதீர்கள், அவசரத்துக்கு ஓட அது ஒன்றுதான் இரண்டாவது வழி. மின்சாரம் போனாலோ காற்றாடி நின்றாலோ உடனே டின்களை மூடி, உட்கதவைச் சாத்தி, பின் கதவைத் திறந்துவிடுங்கள்.

அடுத்தது பெட்டி. இதுதான் இந்தப் பதிலில் முக்கியமானது, இதற்குத்தான் உங்கள் உழைப்பைக் கேட்கிறேன். அலுமினியத் தகடும் ரிவெட்டும் கையில் இருக்கும் ஆள் நீங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். மேசைமேல், பின் சுவரை ஒட்டி, மூன்றடி அகலம், இரண்டடி உயரம், இரண்டடி ஆழத்தில் ஒரு பெட்டி. மேலும் பக்கங்களும் மூடியிருக்கும், முன்பக்கம் மட்டும் திறப்பு. பெட்டியின் முதுகில்தான் காற்றாடி. காற்றாடிக்கு முன்னால் ஒரு கையளவு இடைவெளி விட்டு ஒரு தகடு நிறுத்தி, அதன் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் நீளமான இடுக்கு விடுங்கள். அப்போது நடுவில் மட்டும் இழுக்காமல் திறப்பு முழுதும் சீராக இழுக்கும். கணக்குப் பாருங்கள்: திறப்பின் பரப்பு 0.56 சதுர மீட்டர். மணிக்கு 900 கன மீட்டர் என்றால் நொடிக்குக் கால் கன மீட்டர். பெட்டி வாயில் காற்றின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். பிரஷ் வேலைக்கும் பசை தடவுவதற்கும் அது தாராளம். சாயத் துகள் ஒட்டி, இடுக்கு அடைத்து மூன்றில் ஒரு பங்கு குறைந்தால்கூடச் சமாளிக்கும். அறையைக் கரைக்கப் பதின்மூன்று மணி நேரம் திணறிய அதே பத்து அங்குலம், பெட்டிக்குள் வைத்தால் ஆவியைப் பிறந்த இடத்திலேயே கொண்டுபோகிறது.

காவடி முழுதும் பெட்டிக்குள் போகாது, தெரியும். வளைவு, தூண், மயில் தகடு, அடிப்பட்டை என்று தனித்தனியாக இருக்கும்போதே சாயம் அடித்துக் காயவிட்டு, அப்புறம் பூட்டுங்கள். இப்போது பூட்டிவிட்டுச் சாயம் அடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முறையை மாற்றினால் மூலைமுடுக்கிலும் சாயம் நன்றாகப் பிடிக்கும். பிரஷ் கழுவும் தட்டும் பெட்டிக்குள்ளேயே இருக்கவேண்டும். வெக்கைக்கு நின்றுகொண்டு சுழலும் காற்றாடியைப் பட்டறையில் போடாதீர்கள். அதன் ஊதும் வேகத்துக்கு முன்னால் பெட்டியின் இழுப்பு நிற்காது, ஆவியைக் கலைத்து அறை முழுக்க விரட்டிவிடும்.

நிற்கும் விதத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பல வருடங்களுக்கு முன் பிறை ஊர்ப் பக்கம் ஒரு மரச்சாமான் பட்டறையில் காற்றோட்டம் பார்க்கப் போயிருந்தேன். சாயம் அடிப்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து நல்ல காற்று வந்தது, முன்னால் பலமான இழுப்பு. எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. அவர் நெஞ்சுக்கு முன்னால், காற்றோட்டம் பார்க்கப் புகைவிடும் சின்னக் குழாயைப் பிடித்தபோது புகை முன்னால் போகாமல் சுருண்டு மேலே ஏறி அவர் மூக்கைச் சுற்றியது. ஆற்று நீர் பாறையைக் கடந்ததும் அதன் மறுபக்கம் சுழிக்கும் இல்லையா, அதேதான். காற்றுக்கு நம் உடம்புதான் பாறை. அவரைக் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொன்னேன், புகை நேராகப் போய்விட்டது. நீங்களும் பெட்டிக்கு நேராக நிற்காமல் ஒரு தோளைப் பெட்டிப் பக்கம் காட்டிச் சற்றே சாய்வாக உட்காருங்கள். முகம் எப்போதும் பெட்டிக்கு வெளியே.

பக்கத்து வீட்டார் விஷயம். பின் சுவரில் நேரே ஓட்டை போட்டு அவர்கள் துணிமேல் ஊதக்கூடாது. தகரக் குழாய் வைத்து, உங்கள் பின் கூரையைத் தாண்டி மேலே விடுங்கள். சாதாரணச் சுவர்க் காற்றாடி நீளமான குழாய்க்குள் தள்ளாது, வேகம் பாதியாக விழுந்துவிடும். குழாய் போடுவதாக இருந்தால் குழாய்க்கென்றே செய்த டக்ட் ஃபேன் வாங்குங்கள், கடையில் "எத்தனை அடி குழாய், எத்தனை வளைவு" என்று சொல்லி, அதற்குப் பிறகும் 900 சிஎம்எச் தருமா என்று கேளுங்கள். ஒரே ஒரு வளைவோடு முடிந்தால் நல்லது. சுருக்குச் சுருக்காக இருக்கும் வளையும் குழாய் வேண்டாம். உச்சியில் தொப்பி மாதிரி மழை மூடி வைத்தால் அது வாடையைத் திரும்பக் கீழேதான் அனுப்பும். காற்று மேலே எகிறிப் போகும்படி திறந்து விட்டு, உள்ளே விழும் மழைநீர் அடியில் வடிய ஒரு சின்ன ஓட்டை விடுங்கள். அப்புறம், பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசி, எந்த நேரத்தில் துணி இருக்காது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த்தில் மத்தியானத்துக்கு மேல் மேற்கிலிருந்து கடல் காற்று வீசும், ராத்திரியில் நிலத்துக் காற்று திரும்பும். உங்கள் பின் லோரோங் எந்தத் திசை என்று நீங்கள் எழுதவில்லை. மேற்கு என்றால் பிற்பகலில் காற்று உங்கள் காற்றாடிக்கு எதிராக வரும். வேலை தொடங்குமுன் கதவிடுக்கில் ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைத் தொங்கவிட்டால் போதும், அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தினமும் தெரிந்துவிடும்.

மழை நாளில் வெள்ளை பூப்பதற்கு ஜன்னலைச் சாத்துவது மருந்து ஆகாது. தின்னர் காயும்போது சாயத்தின் மேற்பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மேற்பரப்பு குளிர்ந்து, ஐஸ் டம்ளர் வியர்ப்பது மாதிரிக் காற்றின் ஈரம் அதில் படிகிறது. அந்த ஈரம் சாயத்துக்குள் மாட்டிக்கொள்வதுதான் வெள்ளை. சீக்கிரம் காயும் மலிவுத் தின்னரில் இது அதிகம். மெதுவாகக் காயும் தின்னரோ, காய்வதை மெதுவாக்கும் ரிட்டார்டரோ கேட்டு வாங்குங்கள். பிரஷ்ஷில் பூசும் மேல்பூச்சை மட்டும் ராத்திரியில் வைத்துக்கொள்ளாமல், ஓய்வு நாளில் காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு பூசுங்கள். இந்த ஊரில் காற்றின் ஈரம் ராத்திரியிலும் விடிகாலையிலும் உச்சத்தில் இருக்கும், மத்தியானத்தில்தான் இறங்கும். கொட்டுகிற மழையில் சாயம் வேண்டாம், அன்றைக்கு ரிவெட் வேலையும் மணி கட்டும் வேலையும் பாருங்கள். தூசிக்குப் பயமாக இருந்தால் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

நெருப்பைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, அதனால் கேட்கிறேன். அந்த அறையில் பழைய கேஸ் தோம்பு (சிலிண்டர்) இன்னும் இருக்கிறதா? ஹாலில் சாமி விளக்கு எத்தனை மணிக்கு ஏற்றுகிறீர்கள்? தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், கொட்டிய இடத்திலிருந்து தரையோடு ஊர்ந்து கதவிடுக்கைத் தாண்டும். எட்ட இருக்கும் சுடரைத் தொட்டால், வந்த வழியே நெருப்பு டின்வரை திரும்பி ஓடிவரும். தைப்பூச மாதத்தில் வீட்டில் விளக்கு இல்லாமல் இருக்காது. விளக்கை மலையேற்றி, கொசுவர்த்தியை அணைத்த பிறகுதான் டின்னைத் திறக்கவேண்டும். அடுப்பும் தோம்பும் அந்த அறையில் இருக்கவே கூடாது. டின்னைத் திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் காற்றாடியைப் போடுங்கள். பிரஷ் வேலையில், ஓடும் காற்றில் கலந்து போகும் ஆவி பற்றும் அளவுக்கு வெகு கீழே இருக்கும் என்பதால் சாதாரண மோட்டார் போதும். ஸ்ப்ரே என்று வந்தால் அந்தக் கணக்கு செல்லாது, பொறி வராத மோட்டார் வேண்டும். வீட்டில் ஸ்ப்ரே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். டின் முழுதும் கொட்டிவிட்டால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பின் கதவைத் திறந்துவிட்டு வீட்டில் எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். தீ என்றால் 999, பொம்பா (தீயணைப்புப் படை) வரும்.

கழுவிய தின்னரை லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றுகிறீர்களா? மூடிய சாக்கடையில் அந்த ஆவி தேங்கிக் கிடந்து எங்கேயோ ஒருவர் போடும் சிகரெட்டில் பற்றும். ஒரு மூடி உள்ள டின்னில் ஊற்றி வையுங்கள், ஓரிரு நாளில் சாயம் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை அடுத்த தடவை முதல் கழுவலுக்கு எடுத்துக்கொள்ளலாம். வாங்கும் தின்னரும் குறையும். நனைந்த துணிகளுக்கும் மூடி உள்ள இரும்பு வாளிதான்.

அப்புறம், சாயம் அடித்த துண்டுகளை எங்கே காய வைக்கிறீர்கள்? ஹாலில் என்றால் இத்தனை ஏற்பாடும் வீண். காய்வது என்பதே ஆவி வெளியேறுவதுதான். பிரஷ்ஷைக் கீழே வைத்த பிறகும் அது நடந்துகொண்டே இருக்கும், முதல் சில மணி நேரத்தில் மிக அதிகமாக. காயும் கொடியைப் பட்டறைக்குள் பெட்டிப் பக்கமாகவே கட்டி, வேலை முடிந்தும் காற்றாடியை இரண்டு, மூன்று மணி நேரம் ஓடவிடுங்கள். இதற்காகவே வேலையைச் சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடிக்கவேண்டும், எல்லாரும் தூங்கும்போது மூட்டையாக ஆவி வெளியேறக்கூடாது.

சிலிக்கோனில் இரண்டு வகை. காடி வாடை அடிப்பது காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். கண்ணும் தொண்டையும் எரியும். அந்த வாடையே எச்சரிக்கை, ஜனங்கள் தானாகவே விலகிக்கொள்வார்கள். ஆனால் அது செம்புக் கம்பியை அரிக்கும். காவடியில் எல்இடி விளக்குக்கு அதை வைத்து அடைத்தால் அடுத்த வருடம் பாதி விளக்கு எரியாது. மின்சார இடங்களுக்கு நியூட்ரல் வகை வாங்குங்கள். வாடை குறைவு என்று அதை மூடிய அறையில் பூசிவிடாதீர்கள். பல நியூட்ரல் வகைகள் காயும்போது ஆக்சைம் என்ற பொருளை விடும், அதையும் மூச்சில் சேர்க்கக்கூடாது. சிலிக்கோன் காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது, நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, நாளுக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழம் இறுகிவிடும். தடிமனாக அப்பாமல் மெல்லியதாகப் பூசினால் வாடையும் சீக்கிரம் முடியும். சாய வேலை முழுதும் முடிந்த பிறகே சிலிக்கோனைத் தொடுங்கள், அது பட்ட இடத்தில் சாயம் ஒட்டாமல் குழிகுழியாக ஓடிவிடும்.

மயிலிறகு ஒட்டும் மஞ்சள் பசையிலும் டொலுவீனோ ஹெக்சேனோ இருக்கும். ஹெக்சேன் நீண்ட நாள் மூச்சில் சேர்ந்தால் கைகால் நரம்பு மரத்துப்போகும். பசை வேலையும் பெட்டிக்குள்தான். முடிந்த இடத்தில் எல்லாம் தண்ணீரில் கரையும் சாயத்துக்கும் பசைக்கும் மாறிப் பாருங்கள். காற்றோட்டம் அதற்கும் வேண்டும், ஆனால் சுமை பல மடங்கு இறங்கும்.

முகமூடி கடைசி அரண். பச்சை ஆஸ்பத்திரி மாஸ்க் துகளை ஓரளவும், என்95 மாஸ்க் நன்றாகவும் தடுக்கும், இரண்டுமே ஆவியைத் தடுக்காது. பாதி முகம் மூடும் ரப்பர் முகமூடியில் ஆர்கானிக் வேப்பர் வடிகட்டி போட்டு அணியுங்கள். ஐரோப்பிய வகையில் பழுப்புப் பட்டை, அமெரிக்க வகையில் கறுப்பு. வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள், ஆணியில் தொங்கவிட்டால் பட்டறைக் காற்றையே குடித்துத் தீர்ந்துவிடும். ஆனால் ரப்பர் ஓரம் தோலில் ஒட்டினால்தான் அது முகமூடி. விரதம் பிடித்து நீங்களோ மச்சானோ தாடி வளர்த்திருந்தால், முடி வழியாக ஆவி உள்ளே வந்துகொண்டே இருக்கும். விரதத்தை நான் குறை சொல்ல மாட்டேன், தாடியை எடுக்கச் சொல்லவும் மாட்டேன். விரதத்தில் இருப்பவர் தகடு வெட்டுவது, வளைப்பது, மணி கோர்ப்பது என்று பார்க்கட்டும், சாயத்தையும் பசையையும் மழித்த முகத்தோடு இருப்பவர் தொடட்டும். இரண்டு பேரும் விரதம் என்றால், அந்த நாள்கள் வருவதற்கு முன்பே சாய வேலையை முடித்துவிடுங்கள்.

மகளுக்கு ஒரு சின்ன நோட்டு போடுங்கள். எந்த ராத்திரி சாயம் அடித்தீர்கள், மறுநாள் காலை தலைவலி இருந்ததா, இரண்டு வாரத்துக்கு எழுதி வாருங்கள். முன் அறைக்கு மாறி, ஏர் வெல் ஓட்டையை அடைத்த பிறகும் தலைவலி தொடர்ந்தால் கண் பார்வையோ வேறு காரணமோ இருக்கலாம், அந்த நோட்டோடு கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். வாந்தி, நடையில் தள்ளாட்டம், பகலில் எழுப்ப முடியாத தூக்கம் என்று எதாவது தெரிந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.